இரண்டு இருந்துச்சு

பிப்ரவரி 12, திங்கள்

இன்றைய சொல் ‘என்கிரோஸ்’. ஆங்கிலத்தில் ஏழு எழுத்து. நான்காவது முயற்சியில் பிடித்துவிட்டேன். கைப்பேசிச் சொல் விளையாட்டில் இது எனக்கு இருநூற்று மூன்றாவது நாள். காய்ச்சலில் படுத்த அன்றுகூட விட்டதில்லை.

பகல் பன்னிரண்டு மணிக்குப் புதிய சொல் வரும். கண்டுபிடித்த பிறகு அதன் பிறப்பு வளர்ப்பையும் சொல்வார்கள். அதற்காகத்தான் விளையாடுகிறேன் என்று என் மனைவி பூங்கொடியிடம் சொன்னால் சிரிக்கிறாள். இன்றைக்கு வந்தது நல்ல சொல். ஒருவருடைய கவனம் முழுவதையும் பிடித்துக்கொள்வது என்று பொருள். பழைய பிரெஞ்சில் ‘ஆன் குரோ’ என்றால் மொத்தமாக. சந்தைக்கு வந்த சரக்கை வேறு யாருக்கும் ஒரு படி மிச்சம் வைக்காமல் ஒருவனே அள்ளிக்கொள்வதைத்தான் முதலில் இப்படிச் சொன்னார்களாம். நம் ஈரோட்டு மஞ்சள் மண்டியில் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள். அந்தக் காலத்து இங்கிலாந்தில் அது சட்டப்படி குற்றம். மளிகைக் கடைக்காரனைக் குறிக்கும் ‘கிரோசர்’ என்ற சொல்லும் அதே வீட்டுப் பிள்ளைதானாம். சரக்கை அள்ளிய சொல் பிற்பாடு மனத்தை அள்ள வந்துவிட்டது.

அன்றைய சொல்லை அன்றைக்கே வேலையில் எங்காவது பயன்படுத்திவிடுவது என் வழக்கம். இன்றைக்கும் இடம் கிடைத்தது. சாய மில்லிலிருந்து வந்த பதினொரு பக்கத் தமிழ் வாக்குமூலத்தை ஆங்கிலத்தில் கொடுக்க வேண்டியிருந்தது. சென்னியப்பன் என்ற பாய்லர்காரருடையது. ஜனவரியில் ஒரு பிற்பகல் நாற்பது நிமிடம் நீராவி நின்றுபோய், மெஷினில் இருந்த துணியெல்லாம் வீணாகிவிட்டதாம். அதற்குத்தான் உள்விசாரணை. அலுவலகம் போகாமல் வீட்டிலிருந்தே நான்கு மணிக்குள் முடித்தேன்.

மாடித் தொட்டி வழிந்து மொட்டை மாடி முழுக்கத் தண்ணீர். பள்ளிக்கூடம் கிளம்பும்போது பூங்கொடி மோட்டாரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தாள். தானாக நிற்கும் சுவிட்சில் கோளாறு போலிருக்கிறது.

பிப்ரவரி 13, செவ்வாய்

மோட்டார்காரர் வந்தார். சுவிட்ச் நன்றாக இருக்கிறதாம். இந்தக் காலத்தில் யாருக்கும் தொழில் தெரியவில்லை.

பிப்ரவரி 15, வியாழன்

வாக்குமூலத்தை ஒருமுறை சரிபார்த்து, ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை குத்தி, “மூலத்துக்கு உண்மையான மொழிபெயர்ப்பு” என்று சான்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். சரிபார்த்தது என்றால் ஆங்கிலத்தை மட்டும் படித்துப் பார்த்தேன். ஒரு எழுத்துப் பிழையும் இல்லை.

அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு என்று அகராதியில் பார்த்தேன். பத்திரங்களின் இறுதிப் படியைப் பெரிய எழுத்தில் அழகாக எழுதிக் கொடுப்பதையும் அப்படித்தான் சொல்வார்களாம். அதற்குப் பிறகு அதில் அடித்தல் திருத்தல் கூடாது. என் தொழிலுக்கே வைத்த பெயர் மாதிரி இருக்கிறது.

பிப்ரவரி 26, திங்கள்

மில்லிலிருந்து மேனேஜர் பேசினார். வெள்ளிக்கிழமை விசாரணை. விசாரணை அதிகாரி குல்கர்னி புனேயிலிருந்து வருகிறார், தமிழ் தெரியாது. நேரில் இருந்து இரண்டு பக்கமும் மொழிபெயர்த்துச் சொல்ல நானே வர வேண்டுமாம். “உங்க இங்கிலீஷைப் படிச்சுட்டு சார் ரொம்பப் பாராட்டினார்” என்றார். கேஸ் சிலிண்டர் பதிய மறந்துவிட்டேன்.

மார்ச் 1, வெள்ளி

குல்கர்னி நல்ல மனிதர் என்றுதான் தோன்றியது. அறுபதைத் தாண்டியவர். குரலை உயர்த்தவில்லை. சென்னியப்பனுக்கு நாற்பது இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, முழங்கையில் பழைய தீக்காயத் தழும்பு. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

குல்கர்னி என் மொழிபெயர்ப்பின் ஏழாம் பக்கத்தைச் சத்தமாகப் படித்தார். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: “சூப்பர்வைசர் கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை. என் கைப்பேசி பலகை மேல் இருந்தது. நான் அதில் என்கிரோஸ்டு ஆகி நின்றேன். அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.” என் சொல்லை இன்னொருவர் வாயில் கேட்பது ஒரு சுகம். எழுதுவதற்கு வெட்கமாக இருந்தாலும் அது உண்மை.

பிறகு என் பக்கம் திரும்பி, வேலை நேரத்தில் போன் பார்த்ததை ஒப்புக்கொள்கிறாரா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

சென்னியப்பன் என்னைப் பார்த்தார். “நானுங்களா? போனையா? இல்லீங்களே.”

“வாக்குமூலத்துல நீங்களே சொல்லியிருக்கீங்களே?”

“நான் அப்படிச் சொல்லலீங்க. பாய்லர் எரியறப்ப யாராச்சும் போன் பாப்பாங்களா? பக்கத்துல மூணு பேரு வெறகு அடுக்கிட்டு இருந்தாங்க. வெடிச்சா அவங்களும் போயிருவாங்க, நானும் போயிருவேன்.”

அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். குல்கர்னி பென்சிலால் ஏழாம் பக்கத்தின் ஓரத்தில் ஒரு கோடு போட்டார். கையெழுத்துப் போட்ட பிறகு பேச்சை மாற்றுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன் என்றார். மேனேஜர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் தமிழர், மூலத்தையும் படித்தவர்.

எனக்கும் அந்த ஆள் பேச்சை மாற்றுகிறார் என்றுதான் தோன்றியது. தோன்றியது என்று எழுதி வைக்கிறேன்.

அடுத்த அமர்வு 12ஆம் தேதி. அன்றைக்கே முடிவு. வேலை போவதோடு நிற்காது, பாய்லர் சர்டிபிகேட்டை ரத்து செய்யும்படியும் எழுதுவார்களாம். அது போனால் எந்த மில்லிலும் பாய்லர் பக்கம் நிற்க விடமாட்டார்கள்.

மார்ச் 2, சனி

எதிலும் மனம் நிற்கவில்லை. பரணைச் சுத்தம் செய்தேன். செருப்பு அலமாரியை இடம் மாற்றினேன். மறுபடியும் பழைய இடத்திலேயே வைத்தேன். “என்ன ஆச்சு உங்களுக்கு, உக்காந்த எடத்துல இருக்க மாட்டேங்கறீங்க?” என்றாள் பூங்கொடி. வெயில் என்றேன்.

மூலத்தின் நகல் அலுவலக மேசையின் இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது. இன்று சனிக்கிழமை, அலுவலகம் கிடையாது.

மார்ச் 3, ஞாயிறு

இன்றும் அலுவலகம் கிடையாது. சாவி என் சட்டைப் பையில்தான் இருக்கிறது.

மார்ச் 4, திங்கள்

பார்த்துவிட்டேன்.

ஏழாம் பக்கம், பதினோராவது வரி. அவர் சொன்னதை மில் எழுத்தர் பேச்சு வழக்கிலேயே எழுதியிருக்கிறார். அப்படியே இங்கே எழுதுகிறேன்.

“சூப்பர்வைசர் கூப்பிட்டது காதுல விழல. என் போன் பலகை மேல இருந்துச்சு. கண்ணாடியில தண்ணி பாதிக்குக் கீழ இருந்துச்சு. அதையேதான் பாத்துட்டு நின்னேன். கண்ண எடுக்க முடியல.”

இரண்டு இருந்துச்சு. முதல் இருந்துச்சு வரை மொழிபெயர்த்துவிட்டு, தலையைத் தூக்கி, மறுபடி குனிந்தபோது என் கண் இரண்டாவது இருந்துச்சுவில் போய் உட்கார்ந்திருக்கிறது. நடுவில் இருந்த ஒரு வரி போய்விட்டது. கண்ணாடிக் குழாயும் தண்ணீரும் போய்விட்டன. மிச்சம் இருந்தது போன்தான். அதனால் ‘அது’ போன் ஆகிவிட்டது.

அடுத்த பக்கத்தையும் இப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். பாய்லருக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதை அந்தக் கண்ணாடிக் குழாயில்தான் பார்க்க முடியும். அன்றைக்குக் குழாயில் அடைப்பு இருக்குமோ என்று அவருக்குச் சந்தேகம். உள்ளே தண்ணீர் வற்றியிருந்து கண்ணாடி பொய் சொன்னால் வெடித்துவிடும். அதனால் நீராவியை நிறுத்தி, தீயைத் தணித்துவிட்டு, தண்ணீர் ஏறுகிறதா என்று கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். இதையும் நான்தான் மொழிபெயர்த்தேன். போன் பார்த்தவன் பிற்பாடு சொல்லும் சமாதானம் மாதிரி அது என் ஆங்கிலத்தில் தெரிகிறது.

எழுத்தரின் கையெழுத்து கோழி கிண்டியது மாதிரி இருக்கிறது. யாராக இருந்தாலும் தவறு வரும்.

மார்ச் 5, செவ்வாய்

கையெழுத்தில் ஒன்றும் குறை இல்லை. நேற்று எழுதியது பொய்.

மார்ச் 6, புதன்

பூங்கொடியிடம் சொன்னேன். தோசை வார்த்துக்கொண்டே கேட்டாள்.

“அது எந்தத் தேதி செஞ்சது?”

“பிப்ரவரி பன்னெண்டு.”

“தொட்டி வழிஞ்ச அன்னைக்கு.”

“அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?”

“பன்னெண்டு மணிக்குத்தான உங்க சொல்லு வரும்? தொட்டி வழிஞ்சதும் பன்னெண்டரைக்குத்தான். எதுத்த வீட்டுக்காரங்க எனக்கு போன் பண்ணிச் சொன்னாங்க. மொதல்ல உங்களுக்குத்தான் பண்ணினாங்களாம், நீங்க எடுக்கலையாம்.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. முப்பது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், ஒரு புகார் கிடையாது, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை விசாரிப்பது மாதிரி என்னை விசாரிக்காதே என்று கத்தினேன். அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள். “நான் ஒன்னும் கேக்கலைங்க. தேதிதான் கேட்டேன்.”

நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் பட்டியல் ஏப்ரலில் புதுப்பிக்கப்படும். சான்று போட்ட தாளில் ஒரு வரி விடுபட்டது என்று நானே எழுதிக் கொடுத்தால் அதில் என் பெயர் இருக்காது. இதைப் பூங்கொடியிடம் சொல்லவில்லை.

மார்ச் 7, வியாழன்

இன்று நடந்ததை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன்.

பதினொரு மணிக்குச் சென்னியப்பன் அலுவலகத்துக்கு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. கையில் பிளாஸ்டிக் உறைக்குள் அவருடைய பாய்லர் சர்டிபிகேட். என்ன கேட்க வந்தாரோ அதற்கு முன்னால் அதை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“ரெண்டு வாட்டி பரீட்சை எழுதித்தானுங்க இதை வாங்குனேன். வாய்மொழியா கேள்வி கேப்பாங்க. மொதக் கேள்வியே கண்ணாடியில தண்ணி தெரியலீன்னா என்ன பண்ணுவேங்கறதுதானுங்க.”

“உக்காருங்க.”

“இருக்கட்டுங்க. சார், அந்த இங்கிலீஷ் காயிதத்துல என்னுங்க இருக்குது? எனக்கு ஒரு நகல் குடுத்தாங்க. எங்க வீட்டுல எல்லாருமா எழுத்துக் கூட்டிப் பாத்தோம், ஒன்னும் வெளங்கலீங்க. அந்தப் பக்கத்தை மட்டும் தமிழ்ல படிச்சுக் காட்டுனீங்கன்னாப் போதும்.”

ஏழாம் பக்கத்தை நீட்டினார். என் முத்திரை, என் கையெழுத்து. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன்.

“சூப்பர்வைசர் கூப்பிட்டது காதுல விழல. என் போன் பலகை மேல இருந்துச்சு. கண்ணாடியில தண்ணி பாதிக்குக் கீழ இருந்துச்சு. அதையேதான் பாத்துட்டு நின்னேன்.”

தாளில் இருந்ததை நான் படிக்கவில்லை. இருந்திருக்க வேண்டியதைப் படித்தேன். குரல்கூட நடுங்கவில்லை.

அவர் முகம் தெளிந்தது. “அப்ப நான் சொன்னதுதானுங்களே இருக்குது! அப்பறம் எதுக்குங்க போன் போன்னு கேக்கறாங்க?”

“தெரியலீங்க. விசாரணைன்னா அப்படித்தான் கேப்பாங்க.”

“செரீங்க. நீங்க எழுதுனது செரியா இருக்குதில்லீங்க, அது போதும். நான்தான் எதையாச்சும் மாத்திச் சொல்லிட்டனோன்னு ஒரு வாரமாத் தூங்கலீங்க.” கும்பிட்டுவிட்டுப் போனார்.

பன்னிரண்டு மணிக்குப் புதிய சொல் வந்தது. விளையாடினேன். இருநூற்று இருபத்தேழு. இதையும் எழுதித்தான் வைக்க வேண்டும்.

மார்ச் 8, வெள்ளி

குல்கர்னிக்குக் கடிதம். முதல் வரைவு: “தவிர்க்க முடியாத காரணங்களால்…” கிழித்தேன். இரண்டாவது: “மூலப் பிரதியின் தெளிவின்மை காரணமாக…” அதையும் கிழித்தேன். மூன்றாவதில் காரணமே எழுதவில்லை. ஒரு வரி விடுபட்டது, ஒரு சொல் தவறு, திருத்தம் கீழே என்று மட்டும். இது பரவாயில்லை.

‘என்கிரோஸ்டு’ என்பது எப்படியும் தவறான சொல்தான். அதில் ஒரு சுவை இருக்கிறது, தன்னை மறக்கும் சுவை. அந்த மனிதர் சுவைத்துக்கொண்டு நிற்கவில்லை. பயந்துபோய், பொறுப்போடு நின்றிருந்தார். “பார்த்துக்கொண்டு நின்றேன்” என்று சாதாரணமாகப் போட்டிருந்தால் போதும். சாதாரணச் சொல் எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை.

மார்ச் 10, ஞாயிறு

கடிதம் சட்டைப் பையில் இருக்கிறது. தபாலில் அனுப்பினால் போய்ச் சேராது என்று நேற்று நினைத்தேன். மின்னஞ்சலில் அனுப்பினால் மரியாதையாக இருக்காது என்று இன்று நினைத்தேன். மாடிக்கும் கீழுக்குமாகப் பதினான்கு தடவை நடந்திருக்கிறேன். பூங்கொடி எண்ணிச் சொன்னாள். மனத்தை ஒருவன் மொத்தமாக அள்ளிக்கொண்டு போவது எப்படி இருக்கும் என்று இப்போது தெரிகிறது. சென்னியப்பன் ஒரு படிகூட மிச்சம் வைக்கவில்லை.

மார்ச் 12, செவ்வாய்

நடந்தது நடந்தபடி.

பதினொன்றரைக்கு அமர்வு தொடங்கியது. குல்கர்னி கோப்பைத் திறப்பதற்குள் நான் எழுந்து கடிதத்தைக் கொடுத்தேன். கொடுத்தபோது உறை வியர்வையில் நனைந்திருந்தது. அவர் இரண்டு முறை படித்தார். மூலத்தைக் கொண்டுவரச் சொல்லி, அந்த வரியைத் தொட்டுக் காட்டச் சொன்னார். இரண்டு இருந்துச்சுவையும் காட்டினேன். தமிழ் தெரியாவிட்டாலும் இரண்டும் ஒரே வடிவம் என்பது அவருக்கும் தெரிந்தது.

எப்படி நேர்ந்தது என்று கேட்டார். ஆங்கிலத்தில்தான் பேசினோம்.

நான் வாயைத் திறப்பதற்குள் மேனேஜர் குறுக்கே வந்தார். “எழுத்தருடைய கையெழுத்து கொஞ்சம் மோசம் சார். அதனால் என்று பதிவு செய்துகொள்ளலாமே.” என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். வசதியான கதவு. பட்டியலில் என் பெயரும் தப்பிக்கும், அவருடைய கோப்பும் தப்பிக்கும்.

“கையெழுத்து நன்றாகத்தான் இருக்கிறது” என்றேன். “மொழிபெயர்த்துக்கொண்டிருந்தபோது நான் என்கிரோஸ்டு ஆகிவிட்டேன்.”

அந்தச் சொல்தான் வந்தது. வேறு எதுவும் வரவில்லை.

“எதில்?” என்றார் குல்கர்னி.

அப்போது மணி பன்னிரண்டு. சட்டைப் பையில் கைப்பேசி அதிர்ந்தது. புதிய சொல் வந்துவிட்டது. எடுத்து மேசைமேல் வைத்தேன். “இதில்” என்றேன். அமர்வைப் பதிவு செய்துகொண்டிருந்த டைப்பிஸ்ட் பெண் அதையும் அடித்தாள்.

குல்கர்னி என் கடிதத்தைக் கோப்பில் வைத்தார். பிறகு ஏழாம் பக்கத்தை நீக்குவதாகப் பதிவு செய்யச் சொன்னார். போன் பார்த்தார் என்பதற்கு வேறு சாட்சி உண்டா என்று மேனேஜரைக் கேட்டார். இல்லை. அப்படியானால் அந்தக் குற்றச்சாட்டு நிற்காது. கண்ணாடியில் சந்தேகம் வந்தால் நீராவியை நிறுத்துவது அவருடைய கடமை, ஆகவே துணி வீணானதற்கான குற்றச்சாட்டும் நிற்காது என்று சொல்லிச் சொல்லி அடிக்கச் சொன்னார். மேனேஜர் என் பக்கமிருந்த மற்றக் காகிதங்களை இழுத்து அடுக்கிக்கொண்டார். இனி அந்த மில்லிலிருந்து எனக்கு வேலை வராது. ஏப்ரல் பட்டியலும் அவ்வளவுதான். பயந்த அளவுக்கு அப்போது வலிக்கவில்லை.

எல்லாம் ஆங்கிலத்தில் நடந்துவிட்டது. சென்னியப்பன் ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “என்னுங்க சார் சொன்னீங்க?” என்று கேட்டார்.

தமிழில் சொன்னேன். “உங்க வாக்குமூலத்துல ஒரு வரிய நான் விட்டுட்டேங்க. கண்ணாடியில தண்ணி இருந்துச்சுன்னு நீங்க சொன்ன வரி. அதனால நீங்க போனைப் பாத்துட்டு நின்ன மாதிரி ஆயிருச்சு. போனைப் பாத்துட்டு இருந்தது நாந்தான். உங்க மேல தப்பு இல்லைன்னு இப்ப எழுதிட்டாங்க. வேலைக்குப் போகலாம்.”

சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த ஏழாம் பக்கத்தை எடுத்தார். பிரித்தார். புரியாத எழுத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அப்ப அன்னைக்கு உங்க ஆபீசுல இதைப் படிச்சுக் காட்டுனீங்களே. கண்ணாடி, தண்ணி எல்லாம் இருக்குதுன்னு. அது எங்கீங்க இருந்துச்சு?”

தாளை என் பக்கம் நீட்டினார்.

“தெரியாம விட்டது செரீங்க. மனுசனுக்கு வரும். நான் வந்து கேட்டப்பத் தெரிஞ்சுதானுங்களே படிச்சீங்க?”

அறையில் இருந்தவர்களில் மேனேஜருக்கும் டைப்பிஸ்டுக்கும் தமிழ் தெரியும். இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். குல்கர்னிக்கு மட்டும்தான் புரியவில்லை. அவர் என் பக்கம் திரும்பினார்.

“என்ன சொல்கிறார்?”

அந்த அறையில் மொழிபெயர்ப்பாளன் நான் ஒருவன்தான். நன்றி சொல்கிறார் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். மேசைமேல் கைப்பேசி மறுபடியும் ஒருமுறை அதிர்ந்து நின்றது.

சென்னியப்பன் கேட்டதை முதலிலிருந்து ஆங்கிலத்தில் சொன்னேன். அலுவலகத்துக்கு வந்தார் என்று சொன்னேன். தாளை நீட்டினார், அதில் இல்லாததை இருப்பதாகப் படித்தேன், அது பொய் என்று தெரிந்தே படித்தேன் என்று சொன்னேன். நன்றாக இருக்கும் சொல் எதையும் தேடவில்லை. ஒரு வரி விடாமல் சொன்னேன்.